எந்த இழை, எந்தத் திசை: புரோமோட்டரைத் தேடுவோருக்கு யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசர் – ஒரு மதிப்பீடு

மூலக்கூறு உயிரியல் படிக்கும் மாணவரிடம் ஒரு மரபணுவின் பெயரைக் கொடுத்து அதன் புரோமோட்டர் (மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுப்பதைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி) வரிசையை எடுத்து வரச் சொன்னால், அவர் பெரும்பாலும் முதலில் திறப்பது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் நடத்தும் யூசிஎஸ்சி ஜீனோம் பிரவுசரைத்தான். கட்டணமின்றிக் கிடைக்கும் இந்த இணையச் சேவைக்குப் பொதுவான பாராட்டுகள் ஏராளமாக உண்டு. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பது என் நோக்கமன்று. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் ஒரு மரபணு எதில், எத்திசையில் அமைந்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவும், அதன் வழியே புரோமோட்டரைக் கண்டறியவும் இது எந்த அளவுக்குத் துணை செய்கிறது, எங்கே தடுமாற வைக்கிறது என்ற கேள்வியோடு மட்டும் இதை அணுகுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். புரோமோட்டர் இருக்கக்கூடிய இடத்துக்கான சான்றுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டுவதில் இதற்கு இணையான இலவசச் சேவை எதையும் நான் பார்த்ததில்லை. இழையின் திசையை முதன்முறையாகக் கற்க வருபவருக்கோ, இது நல்ல ஆசிரியர் இல்லை.

சேவையின் பிறப்பைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். மனித ஜீனோமின் (முழு டிஎன்ஏ வரிசையின்) முதல் வரைவைத் துண்டுகளிலிருந்து கோத்தெடுக்கும் நிரலை 2000ஆம் ஆண்டில் சாந்தா குரூஸில் ஆய்வு மாணவராக இருந்த ஜிம் கென்ட் சில வாரங்களில் எழுதி முடித்தார். அந்த ஆண்டு ஜூலை 7 அன்று அந்த வரைவு இணையத்தில் வெளியிடப்பட்டது. எழுத்துகளின் அந்தப் பெருங்கடலை மனிதக் கண் பார்க்கும்படி செய்வதற்காக அவரே உருவாக்கிய காட்சிக் கருவிதான் பின்னர் இந்த பிரவுசராக வளர்ந்தது. ஆய்வாளர் ஒருவர் தம் சக ஆய்வாளர்களுக்காகச் செய்த கருவி என்பது இன்றும் அதன் தோற்றத்தில் தெரிகிறது. பயன்படுத்துபவருக்குப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கை எல்லாப் பக்கங்களிலும் இழையோடுகிறது.

திசை பற்றிய குழப்பத்தின் வேர் இரண்டு வேறு பெயரிடல்கள் ஒன்றோடொன்று கலந்துபோவதில் இருக்கிறது. நேர் இழை, எதிர் இழை என்று பிரவுசர் சொல்வது முழுக் குரோமோசோமுக்கும் ஒரே முறை செய்துகொண்ட உடன்பாடு: குரோமோசோமின் இரு கைகளில் குட்டையான குறுங்கையின் நுனியிலிருந்து தொடங்கி 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வாசிக்கப்படும் இழை நேர் இழை, அதற்கு இணையாக எதிர்த்திசையில் ஓடுவது எதிர் இழை. குறியீட்டு இழை, வார்ப்புரு இழை என்று பாடநூல் சொல்வதோ ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியாக முடிவாகும் செய்தி. ஆர்என்ஏவை உருவாக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ் வார்ப்புரு இழையை 3′ முனையிலிருந்து 5′ முனை நோக்கிப் படித்துக்கொண்டே ஆர்என்ஏவை 5′ முனையிலிருந்து 3′ முனை நோக்கி வளர்க்கிறது. ஆகவே அந்த ஆர்என்ஏவின் வரிசை, டிக்குப் பதில் யூ என்ற மாற்றத்தைத் தவிர, குறியீட்டு இழையின் வரிசையாகவே அமைகிறது. ஒரு மரபணு எதிர் இழையில் உள்ளது என்று பிரவுசர் சொன்னால், அதன் குறியீட்டு இழை எதிர் இழை என்று பொருள். அதன் பக்கத்திலேயே உள்ள இன்னொரு மரபணுவுக்கு நேர் இழையே குறியீட்டு இழையாக இருக்கலாம். இதைத் தெளிவாக மனத்தில் பதித்துக்கொண்டவருக்குப் பிரவுசரின் ஒவ்வொரு குறியும் பொருள் தரும். பதித்துக்கொள்ளாதவருக்குத் திரையில் எங்கும் இது விளக்கப்படுவதில்லை என்பதே என் முதல் குறை.

சேவையைச் சோதித்துப் பார்க்க, ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவை, அதாவது எச்பிபியை எடுத்துக்கொள்வது நல்லது. சிறிய மரபணு, நூறாயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்ட மரபணு, எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர் இழையில் இருக்கும் மரபணு. தேடற்பெட்டியில் பெயரை இட்டதும் எச்ஜி38 என்னும் ஜீனோம் பதிப்பில் 11ஆம் குரோமோசோமின் குறுங்கைப் பகுதி திறக்கிறது. எக்சான்கள் (இறுதி ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகள்) கட்டங்களாகவும், இன்ட்ரான்கள் (இடையிலிருந்து வெட்டி நீக்கப்படுபவை) அவற்றை இணைக்கும் மெல்லிய கோடாகவும், அந்தக் கோட்டின் மேல் இடப்பக்கம் நோக்கிய சிறு அம்புக்குறிகளாகவும் மரபணு வரையப்பட்டிருக்கிறது. இந்த அம்புக்குறிகளே திசைக்கான முழுச் சான்று. இவை இடப்பக்கம் நோக்கினால் படியெடுத்தல் வலமிருந்து இடமாக நடக்கிறது. ஆகவே மரபணுவின் தொடக்கம் படத்தின் வலக்கோடியில், புரோமோட்டர் அதற்கும் வலப்பக்கத்தில். இவ்வளவு முக்கியமான செய்தியைத் தாங்கும் அந்தக் குறிகள் மங்கலாகவும் சிறியனவாகவும் இருப்பதையும், இன்ட்ரான் இல்லாத ஒற்றை எக்சான் மரபணுவில் அவை கட்டத்துக்குள் வெள்ளைக் கீற்றுகளாக ஒடுங்கிவிடுவதையும் ஏற்றுக்கொள்வது கடினம்.

பாடநூல்களில் பீட்டா குளோபின் தொகுதி எப்சிலான், இரண்டு காமா, டெல்டா, பீட்டா என்று இடமிருந்து வலமாக வரையப்படும். கருவில் முதலில் செயல்படுவது இடக்கோடியில், பிறந்தபின் செயல்படுவது வலக்கோடியில் என்று மனப்பாடம் செய்தவர் பிரவுசரில் அதே தொகுதியைத் திறந்தால் வரிசை தலைகீழாக இருக்கும்: பீட்டா இடக்கோடியில், எப்சிலான் வலக்கோடியில், தொகுதியை ஆளும் கட்டுப்பாட்டுப் பகுதி அதற்கும் வலப்பக்கத்தில். இரண்டு படங்களுமே சரியானவை. பாடநூல் மரபணுக்களின் திசையை மதித்து வரைகிறது, பிரவுசர் குரோமோசோமின் திசையை மதித்து வரைகிறது. படத்தின் கீழ் உள்ள ‘ரிவர்ஸ்’ என்ற பொத்தானை அழுத்தினால் முழுக் காட்சியும் திரும்பி, பாடநூலில் கண்ட வரிசை கண்முன் வந்து நிற்கிறது. இந்த ஒரு பொத்தான் கற்பித்தலுக்கு எத்தனை உதவும் என்பதை எண்ணிப் பார்த்தால், அதை இவ்வளவு ஓரமாக வைத்திருப்பது வியப்பளிக்கிறது. 16ஆம் குரோமோசோமில் உள்ள ஆல்பா குளோபின் தொகுதி நேர் இழையில் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கலே எழுவதில்லை. ஆல்பாவையும் பீட்டாவையும் அடுத்தடுத்துத் திறந்து காட்டினால் வகுப்பறையில் வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒவ்வொரு எழுத்தும் தெரியும் அளவுக்குக் காட்சியைப் பெரிதாக்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. மேலே உள்ள அளவுகோல் டிராக்கில் (ஒவ்வொரு வகைத் தரவையும் காட்டும் கிடைவரிசைக்கு டிராக் என்று பெயர்) நேர் இழையின் எழுத்துகள் தோன்றும். அதன் இடக்கோடியில் ஓர் அம்பு இருக்கும். அந்த அம்பைச் சொடுக்கினால் எழுத்துகள் இணை எழுத்துகளாக மாறும்: ஏ இருந்த இடத்தில் டி, ஜி இருந்த இடத்தில் சி. ஆனால் வரிசை திரும்புவதில்லை. அப்போது இடமிருந்து வலமாகப் படித்தால் எதிர் இழையை 3′ முனையிலிருந்து 5′ முனை நோக்கிப் படிப்பதாகிறது. அப்படி நகலெடுத்த வரிசை எந்த உயிரிலும் எந்தப் பயனும் தராது. இணையெழுத்து மாற்றமும் திருப்பமும் இரண்டும் சேர்ந்தால்தான் எதிர் இழை மரபணுவின் உண்மையான வாசிப்பு கிடைக்கும். ‘ரிவர்ஸ்’ பொத்தான் இரண்டையும் ஒருசேரச் செய்கிறது, அந்தச் சிறு அம்பு ஒன்றை மட்டும் செய்கிறது. இவ்வேறுபாட்டைத் திரை சொல்லாது என்பதால் ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. எச்பிபியின் தொடக்கக் கோடானான (புரத உருவாக்கம் தொடங்கும் மூன்றெழுத்தான) ஏ-டி-ஜியின் முதல் எழுத்து 11ஆம் குரோமோசோமில் 5,227,021ஆம் இடத்தில் இருக்கிறது. வழக்கமான காட்சியில் 5,227,019 முதல் 5,227,021 வரை சி-ஏ-டி என்று தெரியும். காட்சியைத் திருப்பினால் அதே மூன்று எழுத்துகள் ஏ-டி-ஜியாக வாசிக்கக் கிடைக்கும். கதிர் அரிவாள் இரத்தசோகையின் காரணம் ஏ என்ற எழுத்து டியாக மாறுவது என்றும், அதனால் ஜி-ஏ-ஜி என்ற கோடான் ஜி-டி-ஜி ஆகிறது என்றும் பள்ளியிலேயே படிக்கிறோம். பிரவுசரின் மாறுபாட்டு டிராக்கில் அதே பிறழ்வு 5,227,002ஆம் இடத்தில் டி என்பது ஏயாக மாறுவதாகப் பதிவாகியிருக்கும். பாடநூலும் பிரவுசரும் முரண்படுவதாக நினைத்துக் குழம்புபவர்களை நான் பார்த்திருக்கிறேன். முரண்பாடு எதுவுமில்லை, ஒன்று மரபணுவின் இழையில் பேசுகிறது, மற்றது குரோமோசோமின் நேர் இழையில் பேசுகிறது. இந்தியாவில் கதிர் அரிவாள் தன்மை முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அறியப்பட்டது என்பதால், நம் வகுப்பறைகளில் இந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருக்கிறது.

இனி புரோமோட்டர். மரபணுவைப்போல் புரோமோட்டருக்கு இந்தப் பிரவுசரில் பெயரிட்ட கட்டம் ஒன்று இருக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். மரபணு டிராக்கில் காட்டப்படுவது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படும் பகுதி மட்டுமே. புரோமோட்டரின் பெரும்பகுதி அதற்கு வெளியே, முன்னால் இருக்கிறது. எனவே படியெடுத்தல் தொடங்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. இங்கே பிரவுசரின் வரைமுறை உண்மையிலேயே பாராட்டத்தக்கது: புரதமாக மாறும் பகுதி தடித்த கட்டமாகவும், ஆர்என்ஏவில் இருந்தும் புரதமாகாத முனைப் பகுதிகள் மெலிந்த கட்டமாகவும் வரையப்படுகின்றன. புரோமோட்டரை மெலிந்த கட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், தடித்த கட்டத்தின் விளிம்பிலிருந்து அன்று. எச்பிபியில் இரண்டுக்கும் இடையே 50 எழுத்துகள் மட்டுமே என்பதால் தவறு செய்தாலும் பெரிய இழப்பில்லை. புற்றுநோய் ஆய்வில் அடிக்கடி பேசப்படும் டிபி53 மரபணுவில் ஏ-டி-ஜி இரண்டாம் எக்சானில் இருக்கிறது; முதல் எக்சானுக்கும் அதற்கும் இடையே 10,000 எழுத்துகளுக்கு மேல் நீளும் இன்ட்ரான் கிடக்கிறது. ஏ-டி-ஜிக்கு முன்னால் 1,000 எழுத்துகளை வெட்டியெடுத்தவர் கையில் புரோமோட்டரின் ஓர் எழுத்துகூட இருக்காது.

எச்பிபியின் வழக்கமான தொடக்க இடம் 5,227,071. எதிர் இழை மரபணு என்பதால், அதற்கு முன்னுள்ள எழுத்துகளுக்கு எண் கூடிக்கொண்டே போகும்: கழித்தல் 1 என்று உயிரியலாளர் சொல்லும் இடம் பிரவுசரில் 5,227,072, கழித்தல் 28 என்பது 5,227,099. இதில் பழகிக்கொண்டால் புரோமோட்டரைக் கண்ணால் பார்க்க முடியும். மரபணுவின் இழையில் கழித்தல் 32 முதல் கழித்தல் 26 வரை சி-ஏ-டி-ஏ-ஏ-ஏ-ஏ என்ற ஏழு எழுத்துகள் இருக்கின்றன. படியெடுக்கும் புரதங்கள் வந்து அமர உதவும் வரிசையான டாட்டா பெட்டி எச்பிபியில் அதுதான். திருப்பாத காட்சியில் அதே இடம், 5,227,097 முதல் 5,227,103 வரை, டி-டி-டி-டி-ஏ-டி-ஜி என்று தெரியும். டாட்டா பெட்டியின் அறிமுகமான வடிவத்தைத் தேடிக்கொண்டு இந்த வரிசையைக் கடந்துபோவது மிக எளிது.

அந்தப் பெட்டி வெறும் ஏட்டுச் செய்தி அன்று என்பதற்கு நோயாளிகளே சான்று. கழித்தல் 28ஆம் இடத்தில் ஏ என்பது ஜியாக மாறினால் பீட்டா குளோபின் உற்பத்தி குறைந்து பீட்டா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தசோகை உண்டாகிறது. சீனர்களிடையே இது நன்கு அறியப்பட்ட பிறழ்வு. பிரவுசரில் நோய்ப் பிறழ்வுகளைத் தொகுத்துக் காட்டும் கிளின்வார் டிராக்கைத் திறந்தால் 5,227,099ஆம் இடத்தில் டி சியாக மாறுவதாக அது காணப்படும். கழித்தல் 29, 30, 31 ஆகிய இடங்களிலும் அத்தகைய பிறழ்வுகள் பதிவாகியுள்ளன. இந்தியர்களிடையே காணப்படும் ஒரு பிறழ்வு படியெடுத்தலின் முதல் எழுத்தையே மாற்றுகிறது. இன்னும் வலப்பக்கம் சென்றால் கழித்தல் 76 அருகில் சிசிஏஏடி பெட்டியும், கழித்தல் 90, 105 ஆகியவற்றை ஒட்டி சிஏசிசிசி பெட்டிகளும் உள்ளன; அங்கும் தலசீமியாப் பிறழ்வுகள் திரள்கின்றன. புரோமோட்டரின் எலும்புக்கூட்டை நோய்ப் பிறழ்வுகளின் வழியே பார்க்க முடியும் என்பது இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. பிறழ்வு டிராக், பல விலங்குகளின் வரிசை ஒப்பீட்டு டிராக், எழுத்து வரிசை ஆகிய மூன்றையும் ஒரே செங்குத்துக் கோட்டில் வைத்துப் பார்க்கும்போது, எந்த எழுத்துகளைப் பரிணாமம் விட்டுக்கொடுக்கவில்லை, எவற்றை உடல் விட்டுக்கொடுப்பதில்லை என்பது ஒரே பார்வையில் பிடிபடுகிறது.

எல்லா மரபணுவும் எச்பிபி போல டாட்டா பெட்டியை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மனித மரபணுக்களில் சிறுபான்மையே அப்படி. மேலும் டி-ஏ-டி-ஏ-ஏ-ஏ போன்ற ஆறெழுத்து வரிசை தற்செயலாகவே 4,096 இடங்களுக்கு ஒருமுறை வரும். ஏறத்தாழ 310 கோடி எழுத்துகள் கொண்ட ஜீனோமில் ஓர் இழையில் மட்டும் அது ஏழரை லட்சம் இடங்கள். எனவே வரிசையைத் தேடும் மென்பொருளை மட்டும் நம்பிப் புரோமோட்டரைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால் நம்பத் தேவையில்லை. சோதனைச் சான்றுகள் வேண்டும். அவற்றைத் தருவதில்தான் பிரவுசரின் செல்வம் இருக்கிறது.

சியை அடுத்து ஜி வரும் இடங்கள் செறிந்த சிபிஜி தீவுகள் பச்சைக் கட்டைகளாகக் காட்டப்படும். மனிதப் புரோமோட்டர்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தீவுகளோடு சேர்ந்தவை என்பதால் இது நல்ல முதல் தடயம். ஆனால் இதை விதியாகக் கொள்ளக் கூடாது என்பதற்கும் குளோபின்களே பாடம்: ஆல்பா குளோபின் மரபணுக்களின் தொடக்கத்தில் பச்சைக் கட்டை உண்டு, பீட்டாவின் தொடக்கத்தில் இல்லை. அடுத்து, ஜீனோமின் செயல்படும் பகுதிகளைத் தேடிய என்கோடு திட்டம் அளந்த ஹிஸ்டோன் குறிகள், அதாவது டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் மேலுள்ள வேதிக் குறிகள். எச்3கே4எம்இ3 என்ற குறி செயல்படும் புரோமோட்டர்களின் மேல் கூர்மையான முகடாக எழும். எச்3கே27ஏசி புரோமோட்டர், என்ஹான்சர் (தொலைவிலிருந்தும் படியெடுத்தலைத் தூண்டும் பகுதி) இரண்டின் மேலும் எழும். இந்த முகடுகளை ஏழு செல் வகைகளின் நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் டிராக் பார்க்க அழகானது, ஆனால் செல் வகையைக் கவனிக்காமல் படித்தால் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். அந்த ஏழில் இரத்தச் சிவப்பணு மரபைச் சேர்ந்தது கே562 ஒன்றுதான். அதுவும் எப்சிலான், காமா குளோபின்களைச் செய்யுமே தவிர பீட்டாவைச் செய்வதில்லை. ஆகவே எச்பிபியின் மேல் பெரிய முகட்டை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அங்கே முகடு இல்லாததற்குக் காரணம், அந்த ஏழு செல்களில் எதுவும் இந்தப் புரோமோட்டரைப் பயன்படுத்தவில்லை என்பதே.

இதைவிட அடிப்படையான ஒரு வரம்பைப் பலரும் கவனிப்பதில்லை. ஹிஸ்டோன் குறியும், டிஎன்ஏஸ் நொதிக்குத் திறந்திருக்கும் பகுதியும், சிபிஜி தீவும் இழை அறியாதவை. புரோமோட்டர் இங்கே இருக்கிறது என்று அவை சொல்லும், அது எந்தப் பக்கம் நோக்கிச் சுடுகிறது என்று சொல்லா. திசையைச் சொல்லக்கூடியது ஆர்என்ஏவிலிருந்து கிடைக்கும் சான்று மட்டுமே. ஆர்என்ஏவின் 5′ முனையில் உள்ள தொப்பி போன்ற அமைப்பைப் பிடித்து அந்த முனையின் வரிசையைப் படிக்கும் கேஜ் என்ற முறை, ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. பாண்டம்5 திட்டம் அதைப் பயன்படுத்திப் பலவகை மனிதச் செல்களில் தொடக்க இடங்களை அளந்தது. அந்தத் தரவு நேர் இழைக்கும் எதிர் இழைக்கும் தனித்தனி டிராக்காகப் பிரவுசரில் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்தில் பராமரிக்கப்படும் யூகேரியோட்டிக் புரோமோட்டர் தரவுத்தளத்தின் தொடக்க இடங்களும் ஒரு டிராக்காக உள்ளன. இவ்விரண்டும் இயல்புநிலையில் மறைத்தே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான் என் இரண்டாம் பெரிய குறை. திசை அறியாத சான்றுகளை முன்னால் நிறுத்திவிட்டு, திசை அறிந்தவற்றைப் பட்டியலின் ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை பிஆர்சிஏ1 மரபணுவில் பார்க்கலாம். 17ஆம் குரோமோசோமின் எதிர் இழையில் உள்ள இதற்குத் தலையோடு தலை ஒட்டி, நேர் இழையில் என்பிஆர்2 என்ற இன்னொரு மரபணு தொடங்குகிறது. இரண்டின் தொடக்கங்களுக்கும் இடையே 218 எழுத்துகளே உள்ளன. அந்தச் சிறு இடைவெளி இரண்டுக்கும் அப்ஸ்ட்ரீம், அதாவது தொடக்கத்துக்கு முன்னுள்ள பகுதி. ஒன்றுக்கு அது வலப்பக்கம், மற்றதற்கு இடப்பக்கம். பிஆர்சிஏ1இன் புரோமோட்டர் என்று 1,000 எழுத்துகளை வெட்டியெடுத்தால் அதில் பெரும்பகுதி என்பிஆர்2இன் உடலாக இருக்கும். சிபிஜி தீவும் ஹிஸ்டோன் முகடும் இங்கே இரு மரபணுக்களுக்கும் பொதுவாக நிற்க, கேஜ் டிராக் மட்டும் இரு திசைகளையும் பிரித்துக் காட்டும். மனித மரபணுக்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் இவ்வாறு 1,000 எழுத்துகளுக்குள் தலையோடு தலை சேர்ந்த இணைகளாக இருப்பதால் இது அரிய விதிவிலக்கு அன்று. காட்சியைச் சற்று விரித்து அண்டை மரபணுக்களின் அம்புகளைப் பார்த்த பிறகே வரிசையை எடுப்பது நல்ல பழக்கம்.

வரிசையை எடுப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மேலுள்ள பட்டியலில் ‘வியூ’ என்பதன்கீழ் ‘டிஎன்ஏ’ என்பதைத் தேர்ந்தால் திரையில் உள்ள பகுதியின் நேர் இழை வரிசை கிடைக்கும்; எதிர் இழை வேண்டுமென்றால் அதற்கான கட்டத்தை நாமே தெரிவுசெய்ய வேண்டும். மரபணுவைச் சொடுக்கி வரும் பக்கத்தில் உள்ள ஜீனோம் வரிசை இணைப்பு வழியாகச் சென்றால், புரோமோட்டர் பகுதி எத்தனை எழுத்துகள் வேண்டும் என்று கேட்டு, மரபணுவின் திசையிலேயே திருப்பித் தருகிறது. பல மரபணுக்களுக்கு ஒரே நேரத்தில் வேண்டுமென்றால் ‘டேபிள் பிரவுசர்’ அதே வேலையை அதே முறையில் செய்கிறது. தொடக்கநிலையாளருக்கு நான் இரண்டாம் வழியையே பரிந்துரைப்பேன். எக்சான்களைப் பெரிய எழுத்திலும் மற்றவற்றைச் சிறிய எழுத்திலும் அச்சிடும் வசதி அங்கே இருப்பதால், தொடக்க இடம் கண்ணில் படும். முதல் வழியைப் பட்டியலின் முகப்பில் வைத்து, இரண்டாவதை இரண்டு சொடுக்குகளுக்குப் பின்னால் வைத்திருப்பதன் தர்க்கம் எனக்குப் புரியவில்லை.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவிறக்கும் அட்டவணைகளில் படியெடுத்தலின் தொடக்கம் என்ற பெயரில் உள்ள நெடுவரிசை, உண்மையில் குறைந்த எண் கொண்ட முனையைத்தான் குறிக்கிறது. எதிர் இழை மரபணுவுக்கு அது மரபணுவின் இறுதி. தொடக்க இடம் வேண்டுமென்றால் இழைக்கான நெடுவரிசையை முதலில் பார்த்து, எதிர் இழை என்றால் முடிவு நெடுவரிசையை எடுக்க வேண்டும். மேலும் அட்டவணைகள் சுழியத்திலிருந்து எண்ணுகின்றன, திரை ஒன்றிலிருந்து எண்ணுகிறது. ஆகவே நேர் இழை மரபணுவின் தொடக்கத்தோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், எதிர் இழை மரபணுவின் தொடக்கத்தோடு எதையும் கூட்ட வேண்டியதில்லை. ஜீனோம் இடக்குறிப்புகளைக் கையாளும் பெட்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளில் இழையைக் கணக்கில் கொள்ளும் தெரிவு இருக்கிறது. அதை இட மறந்தால் மென்பொருள் எந்தப் புகாரும் சொல்லாமல், பாதி மரபணுக்களுக்குப் புரோமோட்டருக்குப் பதில் வால்பகுதியைக் கொடுத்துவிடும்.

போட்டியாளரான என்செம்பலோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனில் இருந்து இயங்கும் அந்தச் சேவை, நேர் இழை மரபணுக்களை நடுக்கோட்டுக்கு மேலேயும் எதிர் இழை மரபணுக்களைக் கீழேயும் வரைகிறது. இந்த ஒரே முடிவால் இழை பற்றிய முக்கால்வாசிக் குழப்பம் பிறக்காமலே போய்விடுகிறது. மரபணுப் பக்கத்தின் வரிசைக் காட்சியும் மரபணுவின் திசையிலேயே, முன்னும் பின்னும் சிறிது கூடுதல் பகுதியோடு வருகிறது. சாலையோரப் பெயர்ப்பலகை போல அது வழியைச் சொல்லிவிடுகிறது. யூசிஎஸ்சியோ முழு நிலப்படத்தையும் மேசையில் விரித்துவிட்டு நம்மையே பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. முதல் நாள் வகுப்புக்கு என்செம்பலையும், சான்றுகளை எடைபோட வேண்டிய ஆய்வுக்கு யூசிஎஸ்சியையும் நான் தேர்வேன். சான்று டிராக்குகளை விரும்பிய வரிசையில் இழுத்து வைத்து, அந்தக் காட்சியைச் சேமித்து இணைப்பாக மற்றவருக்கு அனுப்புவதில் யூசிஎஸ்சி மிக முன்னால் நிற்கிறது.

கையில் உள்ள ஒரு டிஎன்ஏ துண்டு எங்கே, எத்திசையில் பொருந்துகிறது என்று பார்க்கும் பிளாட் கருவியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வரிசையை ஒட்டியதும் இடத்தையும் இழையையும் நொடிகளில் தருகிறது. பிசிஆர் செய்து எடுத்த புரோமோட்டர் துண்டு சோதனைக் கடத்தியில் (துண்டைச் சுமக்கும் டிஎன்ஏவில்) நேராகச் சேர்ந்ததா, தலைகீழாகச் சேர்ந்ததா என்ற ஐயம் எழும்போது, இருபுறத்திலிருந்தும் படித்த வரிசைகளை இதில் இட்டுப் பார்ப்பது விரைவான சோதனை.

சில எரிச்சல்களையும் சொல்ல வேண்டும். ஜீனோம் பதிப்பு மாறினால் எண்கள் எல்லாம் மாறும்: எச்ஜி38இல் 5,227,071 என்று சொன்ன அதே தொடக்க இடம் எச்ஜி19இல் 5,248,301. பழைய கட்டுரையில் கண்ட எண்ணைப் புதிய பதிப்பில் இட்டால், எந்த எச்சரிக்கையும் இன்றி 21,230 எழுத்துகள் தள்ளி வேறோர் இடம் திறக்கும். மாற்றித் தரும் ‘லிப்ட்ஓவர்’ கருவி உண்டு, ஆனால் அதைத் தேடிப்போக வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே மரபணுவுக்குப் பல ஆர்என்ஏ படிகள் வெவ்வேறு தொடக்கங்களோடு வரையப்படும்போது எதை நம்புவது என்ற கேள்வியும் எழும். எச்பிபிக்கே மேலும் வலப்பக்கம் நீளும் படிகள் காட்டப்படுகின்றன. அமெரிக்க, ஐரோப்பியத் தரவு மையங்கள் இணைந்து தேர்ந்த மேன் படியைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு, கேஜ் டிராக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது. கைப்பேசியில் இந்தச் சேவையைப் பயன்படுத்த முயல்வது வீண், அம்புக்குறிகளே தெரியாது. முகப்பும் உதவிப் பக்கங்களும் ஆங்கிலத்தில் மட்டுமே.

பயன்படுத்தக் கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் தேவையில்லை. காட்சிகளைத் தம் பெயரில் சேமித்து வைக்க மட்டும் கணக்கு வேண்டும். வணிக நிறுவனங்கள் மென்பொருளைத் தம் கணினியில் நிறுவிக்கொள்ள உரிமம் பெற வேண்டும். கல்லூரிகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. ரிக்கென் நடத்தும் ஆசியக் கிளைத்தளம் இருப்பதால் நம் பகுதியிலிருந்து கலிபோர்னியாவரை போய்வர வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவர் இயல்புநிலை டிராக்குகள் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, மரபணு, அளவுகோல், சிபிஜி தீவு, எச்3கே4எம்இ3, பாண்டம்5, யூகேரியோட்டிக் புரோமோட்டர் தரவுத்தளம், கிளின்வார் ஆகிய ஏழு டிராக்குகளை மட்டும் திறந்து, எச்பிபியில் கழித்தல் 28ஐத் தாமாகவே கண்டுபிடித்துப் பார்க்கட்டும். அங்கே டி-சி மாற்றம் பதிவாகியிருப்பது கண்ணில் பட்டு, அதுவே பாடநூலின் ஏ-ஜி மாற்றம் என்று விளங்கிவிட்டால், பிஆர்சிஏ1க்குப் போகலாம்.